23 பேட்டர்னும் படிச்சாச்சு, கோடில் எங்கே போடுவது?

அரைப்புள்ளி:

டிசைன் பேட்டர்ன் (ஆப்ஜெக்ட் கோடில் அடிக்கடி வரும் பிரச்சினைகளுக்குப் பெயர் வைத்த தீர்வுகள்) 23-ஐயும் படித்துவிட்டேன். ஜாவாவில் ஒரு சின்னக் கடை பில்லிங் புரோகிராம். பில் கிளாஸுக்குள் தள்ளுபடிக் கணக்கு இப்படி இருந்தது:

வகை == "பண்டிகை" என்றால் தொகையில் 10% கழி
இல்லை, வகை == "கூப்பன்" என்றால் 50 ரூபாய் கழி
இல்லை, வகை == "2+1" என்றால் மூன்றாவது பொருளின் விலையைக் கழி

இப்படி ஒன்பது கிளை. புதுத் தள்ளுபடி வந்தால் பில் கிளாஸைத் திறந்தே ஆகணும். ஸ்ட்ராடஜி (மாறும் கணக்கு ஒவ்வொன்றையும் ஒரே இன்டர்ஃபேஸ் உள்ள தனி கிளாஸாக வைக்கும் பேட்டர்ன்) போட்டு ஒன்பதையும் தனித்தனி கிளாஸாகப் பிரித்தேன். இப்போ அதே ஒன்பது இஃப்-எல்ஸும், எந்த கிளாஸை உருவாக்குவது என்று முடிவு செய்யும் ஃபேக்டரிக்குள் போய் உட்கார்ந்திருக்கு. வீட்டைக் கூட்டி, குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளின மாதிரி. இதில் என்ன லாபம்? 23 பேட்டர்னுக்கும் படம் போடத் தெரியும், எதை எங்கே போடுவது என்பதுதான் பிடிபடவில்லை. எந்த வரிசையில் படிக்கணும் என்றும் சொல்லுங்கள்.

கீழ்க்கோடு:

இஃப்-எல்ஸை ஒழிப்பதற்காக ஸ்ட்ராடஜி போடுவதில்லை. முன்பு "எந்தத் தள்ளுபடி" என்கிற முடிவும் "எப்படிக் கழிப்பது" என்கிற கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இப்போது முடிவு ஓரிடம், கணக்கு ஓரிடம்.

முதலில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த ஒன்பது கிளை எத்தனை இடத்தில் இருந்தது? பில் போடும் இடம், ரிட்டர்ன் எடுக்கும் இடம், மாத ரிப்போர்ட் என்று மூன்று இடத்தில் இருந்திருந்தால் 27 கிளை ஒன்பதாகிவிட்டது. அது நல்ல லாபம். ஒரே இடத்தில்தான் இருந்தது, வருடத்துக்கு ஒரு தடவைதான் மாறும் என்றால், ஸ்ட்ராடஜியே தேவையில்லை. ஒரு சுவிட்ச் போதும்.

ஃபேக்டரி விஷயத்துக்கு வருவோம். இஃப்-எல்ஸுக்குப் பதில் ஒரு மேப் (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஆப்ஜெக்ட்டைத் தரும் அட்டவணை) வையுங்கள்:

அட்டவணை.போடு("பண்டிகை", புதிய சதவீதத்தள்ளுபடி(10))
அட்டவணை.போடு("ஆடி", புதிய சதவீதத்தள்ளுபடி(15))
அட்டவணை.போடு("கூப்பன்", புதிய நிலையானதள்ளுபடி(5000))

பண்டிகைக்கு ஒரு கிளாஸ், ஆடிக்கு ஒரு கிளாஸ் என்று பிரித்திருப்பீர்கள் என்று சந்தேகம். எண் மட்டும் வேறு என்றால் கிளாஸ் ஒன்றுதான், எண்ணைக் கன்ஸ்ட்ரக்டரில் கொடுங்கள். ஒன்பது கிளாஸ் மூன்று நான்காகச் சுருங்கும். (5000 என்பது பைசா. பணத்துக்கு டபுள் வேண்டாம். லாங்கில் பைசாவாக வையுங்கள், இல்லாவிட்டால் பிக்டெசிமல்.)

மேப்பில் ஒரு பள்ளம் உண்டு. "பண்டிககை" என்று யாராவது தப்பாக டைப் செய்தால் மேப் சத்தமில்லாமல் நல்-ஐத் திருப்பிக் கொடுக்கும். வெடிப்பது நாலு மெத்தட் தள்ளி, பில் பிரின்ட் ஆகும் நேரத்தில். தேடும் இடத்திலேயே சோதித்து அங்கேயே எக்செப்ஷன் வீசுங்கள். தள்ளுபடியே இல்லாத பில்லுக்கு "தள்ளுபடிஇல்லை" என்று பூஜ்யம் கழிக்கும் ஓர் ஆப்ஜெக்ட் வைக்கலாம். இதற்கு நல் ஆப்ஜெக்ட் என்று பெயர், 23-க்குள் இது வராது. ஆனால் டைப்பிங் பிழையை மறைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் இன்டர்ஃபேஸில் என்ன மெத்தட் இருக்கிறது?

அரைப்புள்ளி:

கணக்கிடு(தொகை). தொகை உள்ளே போகும், கழித்த தொகை வெளியே வரும். சரிதான், பண்டிகை, ஆடி, பொங்கல் மூன்றும் தனித்தனி கிளாஸ். கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பழையவெர்ஷன்:

அப்போ "2+1" எப்படி ஓடுது? தொகையை மட்டும் கொடுத்தால் மூன்றாவது பொருள் எதுன்னு அந்த ஸ்ட்ராடஜிக்கு எப்படித் தெரியும்?

அரைப்புள்ளி:

அந்த ஒரு கிளாஸுக்கு மட்டும் கன்ஸ்ட்ரக்டரில் பில்லைக் கொடுத்திருக்கிறேன்...

பழையவெர்ஷன்:

அதுதான் இடறுகிற இடம். பில்லைக் கையில் வைத்திருக்கும் ஸ்ட்ராடஜியை இரண்டு பில்லுக்குப் பொதுவாக வைக்க முடியாது. கீழ்க்கோடு சொன்ன மேப்பில் போட்டால் முதல் பில்லுடைய பொருள்களை வைத்தே இரண்டாவது பில்லுக்கும் கழிக்கும். ஸ்ட்ராடஜி தன்னிடம் விதியை மட்டும் வைத்துக்கொள்ளணும் (10%, 50 ரூபாய்). மாறும் விவரம் எல்லாம் மெத்தட் வழியாக வரணும். ஆக இன்டர்ஃபேஸ்: கழிவு(பில்) → பைசா.

இன்னொன்று. கழித்து மிஞ்சின தொகையைத் திருப்பாதீங்க, கழிவை மட்டும் திருப்புங்க. பில்லில் "பண்டிகைத் தள்ளுபடி: 100.00" என்று ஒரு வரி அடிக்கணுமே, அதுக்கு அந்த எண் வேணும்.

ஒரே பில்லில் இரண்டு தள்ளுபடி வந்தால் என்ன செய்யறீங்க? 1000 ரூபாய் பில். 10% முதலில், கூப்பன் பிறகு: 900, பிறகு 850. கூப்பன் முதலில், 10% பிறகு: 950, பிறகு 855. ஐந்து ரூபாய் வித்தியாசம். வரிசை எது என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்யணும், ஹாஷ்மேப்பின் வரிசை முடிவு செய்யக்கூடாது. தள்ளுபடிகளை ஒரு லிஸ்டில் வரிசையாக வைங்க. இதுக்கு டெகரேட்டர் போடறவங்க உண்டு: கூப்பன்(பண்டிகை(பில்)) என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றுவது. ஓடும், ஆனால் எது முதலில் நடக்குதுன்னு உள்ளிருந்து வெளியே படிக்கணும். லிஸ்ட் என்றால் மேலிருந்து கீழே படிச்சாப் போதும்.

லிஸ்ட் வைக்கும்போது கழிவு(பில்) போதாது, கழிவு(பில், மிச்சத்தொகை) ஆகணும், இரண்டாவது தள்ளுபடி மிச்சத்தின் மேல்தானே கணக்கிடணும். இப்படி இரண்டு மூன்று நிஜ உதாரணம் வந்த பிறகுதான் இன்டர்ஃபேஸின் வடிவம் தெரியவரும். முதல் உதாரணத்தைப் பார்த்தவுடன் இன்டர்ஃபேஸ் வெட்டினால் இரண்டாவதுக்குச் சேராது. மறுபயன்பாடு என்று எல்லாரும் சொல்றாங்க, இன்னும் ஒரு தடவைகூடப் பயன்படாததை மறுபயன்பாட்டுக்கு எழுத முடியாது.

லாம்டா_லட்டு:

இவ்வளவு கிளாஸ் எதுக்கு ப்ரோ? 2014-ல் ஜாவா 8 வந்ததிலிருந்து லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) இருக்கு. அட்டவணை.போடு("கூப்பன்", (பில், மிச்சம்) -> 5000), முடிஞ்சது. கம்பேரேட்டர் கொடுத்து லிஸ்ட்டை சார்ட் பண்றோமே, அதுவும் ஸ்ட்ராடஜிதான். யாரும் அதுக்குத் தனி ஃபைல் திறக்கறதில்லை. கணினி விஞ்ஞானி பீட்டர் நார்விக் 1996-லேயே காட்டிட்டார், லிஸ்ப், டிலன் மாதிரி மொழிகளில் 23-ல் 16 பேட்டர்ன் எளிமையாகிடும் அல்லது கண்ணுக்கே தெரியாமப் போயிடும்.

கீழ்க்கோடு:

ஒரே ஒரு மெத்தட் என்றால் லாம்டா சரி. தள்ளுபடிக்குக் கழிவு(பில், மிச்சம்) தவிரப் பெயர்() என்று ஒன்று வேண்டியிருக்கிறது, பில்லில் அடிப்பதற்கு. "இந்த பில்லுக்குப் பொருந்துமா" என்று மூன்றாவது வந்தால் லாம்டா மூட்டையாகக் கட்ட வேண்டிவரும். அப்போது கிளாஸ்தான் படிக்க எளிது. தவிர உங்கள் கூப்பன் லாம்டாவில் ஒரு ஓட்டை: 30 ரூபாய் பில்லுக்கு 50 ரூபாய் கழித்து, கடைக்காரர் 20 ரூபாய் கையிலிருந்து தரணும். மிச்சம், 5000 இரண்டில் சிறியது எதுவோ அதைத் திருப்புங்கள்.

நார்விக் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மொழி வேலையை எடுத்துக்கொண்டதால் பேட்டர்ன் காணாமல் போனதே தவிர, "மாறுவதைத் தனியாகப் பிரி" என்கிற முடிவை இன்னும் நாம்தான் எடுக்கிறோம்.

லாம்டா_லட்டு:

30 ரூபாய் பில்... ஒத்துக்கறேன் 😄

நல்_பாயிண்டர்:

வரிசை கேட்டிருந்தீர்கள். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் நால்வரும் எழுதிய புத்தகம் 1994-ல் வந்தது. உருவாக்கும் பேட்டர்ன் 5, கட்டமைப்பு 7, நடத்தை 11. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஆங்கில அகர வரிசை. அதனால் பட்டியலைத் திறந்ததும் முதலில் எதிர்ப்படுவது ஆப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி. அது தேவைப்படும் அளவு பெரிய கோடைப் புதிதாகப் படிப்பவர் பார்த்தே இருக்கமாட்டார். பாதிப்பேர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்து மொழி கற்றுக்கொள்ள முடியுமா? பட்டியலுக்கு முந்தைய 2-ம் அத்தியாயம், ஒரு டாக்குமென்ட் எடிட்டரை வடிவமைக்கும் கதை, அதிலிருந்து தொடங்குங்கள். பிரச்சினை முதலில் வரும், பேட்டர்ன் பிறகு வரும்.

என் கணக்கில் வரிசை: ஸ்ட்ராடஜி, டெம்ப்ளேட் மெத்தட் (இரண்டையும் ஒரே பிரச்சினைக்கு எழுதிப் பார்க்கணும், ஒன்று கம்போசிஷன், அதாவது இன்னொரு ஆப்ஜெக்ட்டை உள்ளே வைப்பது, மற்றது இன்ஹெரிட்டன்ஸ், அதாவது தாய் கிளாஸிலிருந்து பெறுவது), பிறகு டெகரேட்டர், காம்போசிட், அடாப்டர், ஆப்சர்வர், கமாண்ட். சிங்கிள்டனை (ஒரு கிளாஸுக்கு ஒரே ஓர் ஆப்ஜெக்ட்) கடைசியில். ஃப்ளைவெயிட், இன்டர்ப்ரெட்டர், மெமென்டோ எல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகத்தின் உதாரணங்கள் சி++, ஸ்மால்டாக்கில் இருக்கும். அது தடையென்றால் ஜாவா லைப்ரரியையே பாடமாக வைத்துக்கொள்ளலாம். டெகரேட்டருக்கு ஐஓ ஸ்ட்ரீம்களைவிட நல்ல ஆய்வகம் கிடையாது:

புதிய ஜிசிப்அவுட்புட்(புதிய பஃபர்டுஅவுட்புட்(புதிய ஃபைல்அவுட்புட்("அ.ஜிஇசட்")))

ஜிசிப் தரவை அமுக்கும், பஃபர் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும், ஃபைல் டிஸ்கில் எழுதும். மூன்று கிளாஸுக்கும் ஒரே தாய், அவுட்புட்ஸ்ட்ரீம். ஒன்று இன்னொன்றைப் போர்த்துகிறது. இதில் க்ளோஸ் பண்ணாமல் விட்டுப் பாருங்கள். சின்னக் கோப்பு என்றால் டிஸ்கில் 0 பைட். நடுவில் இருக்கும் பஃபரை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், இப்போது 10 பைட். அந்த 10 ஜிசிப்பின் தலைப்பு, கன்ஸ்ட்ரக்டரே அதை எழுதிவிடும். முன்பு அதுவும் பஃபருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. உண்மையான தரவும், கடைசியில் வரவேண்டிய 8 பைட்டும் (சிஆர்சி என்கிற சரிபார்ப்பு எண், நீளம்) க்ளோஸ் கூப்பிட்டால்தான் வெளியே வரும். ஃப்ளஷ் கூப்பிட்டும் பிரயோஜனமில்லை, ஜிசிப் தானாக அமுக்கிய தரவைத் துப்பாது, அதற்குக் கன்ஸ்ட்ரக்டரில் சிங்க்ஃப்ளஷ் என்று தனியாகச் சொல்லணும்.

இதைவிட அதிகம் நடக்கும் தப்பு: ட்ரை-வித்-ரிசோர்சஸில் (வேலை முடிந்ததும் தானாக மூடும் ஜாவா வசதி) உள்ளே இருக்கும் ஃபைல் ஸ்ட்ரீமை மட்டும் வைப்பது. ஃபைல் மூடப்படும், மேலே இருக்கும் இரண்டும் தங்களிடம் இருப்பதை எழுதவே இல்லை. படிக்கும் பக்கம் ஈஓஎஃப் (கோப்பு பாதியிலேயே முடிந்துவிட்டது) எக்செப்ஷன் வந்து, "கோப்பு கெட்டுப்போச்சு" என்று நெட்வொர்க்கைச் சந்தேகப்படுவார்கள். மூடவேண்டியது எப்போதும் வெளியே இருக்கும் போர்வையை, அது உள்ளே இருப்பவற்றை மூடிக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். ஒவ்வொரு பைட்டாக எழுதுகிறீர்கள் என்றால் பஃபர் ஜிசிப்புக்கு வெளியே இருக்கணும், உள்ளே அல்ல. படிப்பதிலும் அப்படித்தான்: 1 எம்பி கோப்பை ஃபைல் ஸ்ட்ரீமிலிருந்து நேராகப் பைட் பைட்டாகப் படித்தால் 10,48,576 தடவை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கதவைத் தட்டுகிறோம். 8192 பைட் பஃபர் போர்த்தினால் 128 தடவை.

அரைப்புள்ளி:

டெகரேட்டர், ப்ராக்ஸி, அடாப்டர் மூன்றுக்கும் படம் ஒரே மாதிரி இருக்கே? பைத்தானில் @ போடுவதும் இதுதானா?

நல்_பாயிண்டர்:

பெட்டிக்குள் பெட்டி, அதனால் படம் அப்படித்தான் வரும். அடாப்டர் இன்டர்ஃபேஸை மாற்றும். டெகரேட்டர் அதே இன்டர்ஃபேஸில் வேலையைக் கூட்டும். ப்ராக்ஸி அதே இன்டர்ஃபேஸில் உள்ளே விடலாமா, எப்போது விடலாம் என்று பார்க்கும். பைத்தானின் @ மொழி வசதி, ஃபங்ஷன் எழுதும் இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பேட்டர்ன் ஓடும் நேரத்தில் எந்த ஆப்ஜெக்ட்டுக்கு வேண்டுமோ அதற்கு மட்டும் போர்த்துவது. பெயர் ஒன்று, ஆள் வேறு.

மூன்றுக்கும் பொதுவான ஒரு பொறி: உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் தன் சொந்த மெத்தட்டைத் தானே கூப்பிட்டால் போர்வை வழியாகப் போகாது. ஸ்பிரிங்கில் (கிளாஸைப் ப்ராக்ஸியால் போர்த்தும் ஜாவா ஃபிரேம்வொர்க்) ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொரு @ட்ரான்சாக்ஷனல் மெத்தட்டைக் கூப்பிட்டால் ட்ரான்சாக்ஷன் தொடங்காதது இதனால்தான். பேட்டர்ன் தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை, தெரியாதவருக்கு ஒரு நாள் போய்விடும்.

பழையவெர்ஷன்:

இன்ஹெரிட்டன்ஸ், கம்போசிஷன் பேச்சு வந்ததால் ஒன்று. "பரம்பரையைவிடச் சேர்க்கை மேல்" என்று பொன்மொழி மாதிரி ஒப்பிக்காம, ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸை எடுத்துப் பாருங்க. அது ஹாஷ்டேபிளின் பிள்ளை. ஸ்ட்ரிங் மட்டும்தான் வைக்கணும், ஆனால் தகப்பன் சொத்தாக புட் மெத்தட் வந்துடுச்சு. புட்("போர்ட்", 8080) என்று எண்ணைப் போட்டால் கம்பைலர் வாயே திறக்காது. கெட்ப்ராப்பர்ட்டி("போர்ட்") கேட்டால் நல். ஸ்டோர் பண்ணப் போனால் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன். ஹாஷ்டேபிளை உள்ளே பிரைவேட்டாக வைத்து நாலு மெத்தட் மட்டும் வெளியே காட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஸ்டாக், வெக்டரின் பிள்ளையானதும் இதே கதை: அடுக்கின் அடியில் ஆட்(0, ...) போட்டுச் சொருகலாம்!

லாம்டா_லட்டு:

ஆப்சர்வர்ல (ஒண்ணு மாறினா, பதிவு பண்ணின லிசனர்களுக்கெல்லாம் தகவல் போற பேட்டர்ன்) லாம்டா பொறி ஒண்ணு இருக்கு, என் பங்குக்கு அதையும் சொல்லிடறேன். கடைச் சரக்கு குறைஞ்சா ஸ்கிரீனுக்குத் தகவல் போகணும்:

சரக்கு.சேர்(திரை::புதுப்பி)
...
சரக்கு.நீக்கு(திரை::புதுப்பி)

நீக்கு வேலை செய்யாது. மெத்தட் ரெஃபரன்ஸ் எழுதின இடம் ஒவ்வொண்ணும் தனித்தனி ஆப்ஜெக்ட்டைக் கொடுக்கும், ஈக்வல்ஸ் பொருந்தாது. திரையை மூடினாலும் லிசனர் லிஸ்டில் தொங்கிட்டே இருக்கும், அதோட திரை முழுக்க மெமரியில் நிக்கும். பத்து தடவை திறந்து மூடினா ஒரு மாற்றத்துக்குப் பத்து அப்டேட். சேர்க்கும்போதே ஒரு வேரியபிள்ல பிடிச்சு வச்சு அதையே நீக்கணும். இல்லேன்னா சேர்() திருப்பிக் கொடுக்கிற ஒரு ஆப்ஜெக்ட்ல க்ளோஸ் வச்சிடுங்க.

கீழ்க்கோடு:

இதன் கூடவே: அறிவிப்பு சுற்றும்போதே ஒரு லிசனர் தன்னை நீக்கிக்கொண்டால் என்ன ஆகும்? ஆர்ரேலிஸ்டில் ஃபார்-ஈச் ஓட்டுகிறோம் என்றால் கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் என்பார்கள். எப்போதும் இல்லை. மூன்று லிசனர் இருந்து, இரண்டாவது தன்னை நீக்கினால் எக்செப்ஷனே வராது. இட்டரேட்டர் 2-ல் நிற்கும், லிஸ்டின் அளவும் 2 ஆகிவிடும், "முடிந்தது" என்று வெளியே வந்துவிடும். மூன்றாவது லிசனருக்குத் தகவலே போகாது. எக்செப்ஷன் வந்திருந்தாலாவது தெரிந்திருக்கும். லிஸ்ட்டைப் பிரதி எடுத்து அதில் சுற்றுங்கள், அல்லது காப்பிஆன்ரைட்ஆர்ரேலிஸ்ட் (மாற்றும்போதெல்லாம் தானே பிரதி எடுக்கும் லிஸ்ட்). லிசனர் அடிக்கடி சேராமல் அறிவிப்பு மட்டும் அதிகமாக நடக்கும் இடத்துக்கு அது பொருத்தம்.

பழைய அப்சர்வபிள் கிளாஸைப் பயன்படுத்தவேண்டாம், ஜாவா 9-லேயே ஓரங்கட்டிவிட்டார்கள்.

அரைப்புள்ளி:

சிங்கிள்டனைக் கடைசியில் தள்ளியது ஏன்? எளிதானது அதுதானே?

பழையவெர்ஷன்:

எழுத எளிது, கழட்டக் கஷ்டம். பில் எண் கொடுக்கும் கவுன்டர் சிங்கிள்டன் என்று வையுங்க. முதல் டெஸ்ட் ஓடினதும் எண் 2-ல் நிற்கும். இரண்டாவது டெஸ்ட் 1 எதிர்பார்த்துத் தோற்கும், தனியாக ஓட்டினால் ஜெயிக்கும். மெயினில் ஒரே ஒரு தடவை உருவாக்கிக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக அனுப்புங்க. "ஒன்றே ஒன்று" என்பது மெயினின் முடிவாக இருக்கட்டும், கிளாஸ் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கட்டாயம் வேணும்னா எனம் (enum). டபுள் செக்டு லாக்கிங் (பூட்டுக்கு முன்னும் உள்ளேயும் இரண்டு தடவை சோதிப்பது) எழுதறவங்க, அந்த வேரியபிளுக்கு வாலடைல் என்கிற குறிச்சொல்லைப் போட மறந்துடறாங்க.

அரைப்புள்ளி:

மாற்றிவிட்டேன். சதவீதம், நிலையானது, இலவசப்பொருள், மூன்றே கிளாஸ். லிஸ்டில் வரிசை. கூடவே விலை மாற்றத்துக்கு அன்டூ வேண்டுமென்று கமாண்ட் (ஒரு செயலையே ஆப்ஜெக்ட்டாக வைப்பது) போட்டேன்: செய்() விலையை 10% குறைக்கும், மீள்() 10% கூட்டும். சரியா?

கீழ்க்கோடு:

100 குறைந்து 90. 90-ல் 10% கூட்டினால் 99. ஒரு ரூபாய் காணோம். மீள்() எதிர்க்கணக்குப் போடக்கூடாது. செய்() ஓடும்போது பழைய விலையைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே திரும்ப வைக்கணும். பொருளின் ஐடியும் பழைய விலையும் போதும், கடைச் சரக்கு முழுவதையும் பிரதி எடுக்கவேண்டாம். அன்டூவுக்குப் பிறகு புதிதாக ஏதாவது செய்தால் ரீடூ அடுக்கைக் காலி செய்யவும் மறக்கவேண்டாம்.

நல்_பாயிண்டர்:

ரிட்டர்னையும் பார்த்துவிடுங்கள். மூன்று பொருள், ஒரே விலை, 50 ரூபாய் கூப்பன். ஒன்றைத் திருப்பினால் எவ்வளவு கொடுப்பது? 5000 பைசாவை மூன்றாகப் பிரித்தால் 1666, 1666, 1666, கூட்டினால் 4998.

அரைப்புள்ளி:

மிச்ச 2 பைசா? ஒவ்வொரு தள்ளுபடி கிளாஸிலும் பங்கிடு() என்று ஒன்று சேர்க்கட்டுமா?

நல்_பாயிண்டர்:

வேண்டாம். சேர்த்தால் ஒரே கணக்கு மூன்று கிளாஸில் மூன்று தடவை. பிரிப்பதெல்லாம் எந்தத் தள்ளுபடிக்கும் ஒரே விதிதான், மாறாதது ஸ்ட்ராடஜிக்குள் போகவேண்டியதில்லை. பில் கிளாஸில் ஒரே மெத்தட்: ஒவ்வொரு வரிக்கும் விலை விகிதத்தில் பங்கு, மிச்சம் கடைசி வரியில். 1666, 1666, 1668. பில் போடும்போதே வரிக்கு வரி சேமித்துவிடுங்கள், ரிட்டர்ன் வரும் நாளில் தள்ளுபடி விதியே மாறியிருக்கலாம்.